உடன் இருந்தவர்

வரிசையின் கடைசியில் போய் நின்றதும் அவள் முன்னால் இருந்த தலைகளை எண்ணினாள். இருபத்தொன்று. ஜன்னல்கள் மூன்று. ஆளுக்குச் சுமார் மூன்று நிமிடம். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தபோது கணக்கு முடிந்திருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் பாப்பா?" அண்ணன் ரயிலிலிருந்து பேசினான்.

"இருபத்தொரு நிமிஷம். அப்புறம் வார்டுல ஒரு கையெழுத்து."

"அப்பா மாதிரியே பேசறே." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீ பக்கத்துல இருந்தல்ல?"

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

"ம்."

"அது போதும். தனியாப் போயிட்டாரோன்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன். நீ இருந்தியே, அது போதும் எனக்கு."

தண்டவாளச் சத்தம் அவன் குரலை விழுங்கிவிட்டது. அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டு, மருத்துவர் கொடுத்த தாளை நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள். பரிசோதித்த நேரம் 10.05 என்று அதில் இருந்தது. அதற்குப் பதினான்கு நிமிடம் முன்பு, 9.51-க்கு, இரண்டு கைகளிலும் காகிதக் கோப்பையோடு அவள் அறைக்குள் போனாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கோப்பைகளைக் கீழே வைக்க இடம் தேடியதுதான் முதலில் செய்தது. 9.40-க்கு அவள் கிளம்பியபோது அவர் கண் திறந்து பார்த்தார். நடுவில் பதினோரு நிமிடம்.

டீக்கு ஆறு நிமிடம்தான் ஆனது. மாடியிலிருந்த டீ இயந்திரம் கெட்டுப்போயிருந்ததால் கீழே இறங்கினாள். திரும்பி வரும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் வெயில் விழுந்திருந்தது. ஒன்பது நாளாக அந்த அறையின் மருந்து நெடியையே முகர்ந்துகொண்டிருந்தவள், அந்த வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிடம். அது டீக்கு இல்லை, அவளுக்கு.

"மூணு ஜன்னல் இருக்கு, வரிசை மட்டும் ஒண்ணு," என்றார் அவளுக்கு முன்னால் எக்ஸ்ரே உறையோடு நின்றவர், யாரிடம் என்றில்லாமல். "பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு விட்டிருக்கான். எந்த மகராசன் உக்காந்து யோசிச்சானோ!"

"முன்னால மூணு வரிசை இருந்தப்ப வந்திருக்கீங்களா?" என்றாள் பின்னால் குடையோடு நின்ற அம்மாள். "நான் வந்திருக்கேன். மத்த ரெண்டும் ஓடும். நான் நிக்கிற வரிசை மட்டும் நட்டு வெச்ச மாதிரி நிக்கும்."

"இப்ப மட்டும் பறக்குதாக்கும்?"

"பறக்கல. ஆனா எனக்குப் பின்னால வந்தவன் எனக்கு முன்னால போகலல்ல? அந்த வயித்தெரிச்சல் மிச்சம்."

நடுவில் நின்றவளுக்கு வாய்வரை வந்தது. "எங்கப்பாதான்..." என்றாள்.

"என்னம்மா?" எக்ஸ்ரேகாரர் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு இன்னும் பதினோரு நிமிஷம் ஆகும்."

"அட, ஜோசியமெல்லாம் தெரியுமா உனக்கு? என் முட்டி எப்ப சரியாகும், அதையும் சொல்லிடு."

குடைக்கார அம்மாள் சிரித்தாள். அவளும் சிரித்துவிட்டு, சிரித்த வாயைத் தாளால் மூடிக்கொண்டாள்.

அப்பா யோசித்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது. யோசித்தவர்கள் அவர் வேலை பார்த்த ஆய்வு மையத்தில் இருந்த கணிதக்காரர்களும் பொறியாளர்களும். தொழிற்சாலையில் இயந்திரம் ஏன் சும்மா நிற்கிறது, பேருந்துகள் ஏன் இரண்டிரண்டாகச் சேர்ந்து வருகின்றன, தபால் நிலையத்துக்கு எத்தனை ஜன்னல் வேண்டும் என்று அவர்கள் ஆராய்வார்கள். அதற்கெல்லாம் எண்கள் வேண்டும். எண்களைக் கொண்டுவருவது அப்பா. மடக்கு முக்காலி, எழுத்து அட்டை, கழுத்தில் கயிற்றோடு ஒரு ஸ்டாப்வாட்ச். மையத்தில் அவர் பெயரே 'கடிகாரம்'தான். இந்தக் கூடத்தில் மூன்று வரிசை இருந்தபோது இரண்டு வாரமும், அது ஒன்றானபிறகு இரண்டு வாரமும், அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை வரிசை பார்க்க நீளமாக இருக்கிறது, சனங்கள் பயப்படுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்பவில்லையாம். "பயப்படறாங்க சார். ஆனா சண்டை போடல. முதல் ரெண்டு வாரத்துல பதினேழு சண்டை, இப்ப ஒண்ணு," என்று அப்பா அட்டையைக் காட்டினாராம். அச்சான அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி உண்டு. அதை விரலால் தொட்டு, "இதுக்குள்ள நானும் இருக்கேன்," என்று அவளிடம் காட்டினார்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். பார்க்காததை எழுத மாட்டார். ஒருமுறை, அவர் சாப்பிடப் போன அரைமணி நேரத்துக்குச் சராசரியைப் போட்டு நிரப்பச் சொன்னாராம் பெரிய பொறியாளர். "சராசரிய நீங்க போட்டுக்குங்க சார். நான் கோடுதான் போடுவேன்," என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று வீட்டில் அம்மா, "ஒரு நம்பர் போட்டா குடியா முழுகிடும்?" என்று கேட்டாள். அப்பா தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அம்மா போனபின் வீட்டில் அளப்பதற்கு இவள் ஒருத்திதான் இருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே கடிகாரத்தை நீட்டுவார். "இருபத்திரெண்டு நிமிஷம். நேத்தைக்கு விட நாலு கூட. கூட்டமா?" தையல் வகுப்புக்குப் போனால் இரண்டு மணி ஏழு நிமிடம். ஒரே ஒருமுறை ஒருவனோடு சினிமாவுக்குப் போனபோது மூன்று மணி ஐம்பத்தொன்று. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். இவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

இன்று காலையில் டீ வாங்கக் கிளம்பி அவள் காலில் செருப்பை மாட்டும்போது போர்வைக்கு வெளியே அவர் கை அந்தக் கடிகாரக் கயிற்றைத் துழாவியது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னிக்கு ஒருநாளாவது என்னை அளக்காம இருங்கப்பா. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி. அளக்கல," என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு.

எக்ஸ்ரேகாரர் ஜன்னலுக்குப் போகும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். உடனே நடு ஜன்னல் காலியானது.

உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தாளை வாங்கி, பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பாவாக்கா?"

"ஆமா."

பெயர், வயது, முகவரி. விசைகள் தட்டப்பட்டன.

"உடன் இருந்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. மகள்னு போட்டுடறேன்."

அவள் தலையாட்டியிருக்கலாம். அண்ணனிடம் சொன்ன 'ம்' இன்னும் வாயில் இருந்தது.

"நான் அப்ப இல்ல," என்றாள்.

"ஆஸ்பத்திரில தானேக்கா இருந்தீங்க?"

"கீழ இருந்தேன். டீ வாங்க."

"அட, அதெல்லாம் இருந்த மாதிரிதான்க்கா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"நான் பாக்கல."

பின்னாலிருந்து குடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏதோ ஒண்ணைப் போட்டுட்டு நகரும்மா. எத்தனை பேரு நிக்கறோம்?"

"காலியா விட்டா அடுத்த பக்கம் போகாதுக்கா," என்றாள் அந்தப் பெண், பாவமாக. "நர்ஸ் யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல. கோடு போடுங்க."

"கோடா?"

"பாக்காதப்ப கோடு போடணும்."

அந்தப் பெண் அவளை ஒருகணம் பார்த்தாள். ஒரே ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது. "ஏத்துக்குச்சு," என்றாள், தனக்கே ஆச்சரியமாக. அச்சு இயந்திரம் தாளைத் துப்பியது. பெயர், வயது, 10.05, அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. எத்தனையோ வருடம் அவர் அட்டைகளில் பார்த்த அதே கோடு. இது அவருக்கானது.

குடைக்கார அம்மாள் அவளைக் கடந்து ஜன்னலுக்குப் போகும்போது அவள் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டாள். "அய்யோ, தெரியாமச் சொல்லிட்டேன்மா," என்றாள். அதற்குள் இவள் படியேறத் தொடங்கியிருந்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் வெயில் சுவர்ப்பக்கம் நகர்ந்திருந்தது. நிற்காமல் போனாள்.

வார்டு ஆயா பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். மூக்குக் கண்ணாடி, சீப்பு, துண்டு.

"இதுல ஒண்ணு கெடக்கு பாரும்மா," என்றாள் ஆயா. "தொடைச்சு விடறப்ப பாத்தேன். போர்வைக்குள்ள, கைக்குள்ள வெச்சிருந்தாரு. விரலப் பிரிச்சுதான் எடுத்தேன். என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. எதை அமுக்கினா நிக்கும்னு தெரியல. நமக்கெதுக்கு வம்புன்னு அப்படியே போட்டுட்டேன்."

துண்டின் மடிப்புக்குள் ஸ்டாப்வாட்ச் இருந்தது. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மணி பதினான்கு நிமிடம். விநாடிகள் மாறின.

அவள் வார்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்து நான்கு. கழித்துப் பார்த்தாள். சரியாக வருகிறதா என்று மறுபடி கழித்தாள்.

ஒன்பது நாற்பது.

ஆயா ஏதோ கேட்டாள். அவள் காதில் விழவில்லை. வெளியே தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். கைப்பேசி அடித்தது.

"இறங்கிட்டேன் பாப்பா. வண்டி பிடிச்சு நேரா வந்துடறேன். எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." கடிகாரம் மடியில் இருந்தது. "அண்ணா, நான் பக்கத்துல இல்ல."

அந்தப் பக்கம் ரயில் நிலையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அண்ணன் எங்கேயோ ஓரமாக ஒதுங்கி நின்றிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"எவ்வளவு நேரம் தனியா இருந்தாரு?"

"நான் வெளிய போனது பதினோரு நிமிஷம்."

"அதைக் கேக்கல. உயிர் போறவரைக்கும் எவ்வளவு நேரம்?"

"தெரியலண்ணா. பாக்கல."

"வண்டி வேணுமா சார்?" என்று யாரோ அவனைக் கேட்டது காதில் விழுந்தது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றான்.

"டீ இருக்கு."

கோப்பைகள் இரண்டும் அறை வாசலை ஒட்டிய ஜன்னல் திட்டில், அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. மேலே ஏடு படிந்து சுருங்கியிருந்தது. அவள் கைப்பேசியை வைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள். வலது பக்கப் பொத்தானில் எழுத்து அழிந்து, அவர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் தன் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டு, படிகளில் மெதுவாக இறங்கினாள். இரண்டு மணி பத்தொன்பது. இரண்டு மணி இருபது.