கொலீனின் ஜன்னலோரம்

"ஆள் வர்றாங்க," என்றேன். கோட்டும் டையுமாக நின்ற மனிதர் காலி இருக்கையையும் அதன்மேல் கிடந்த என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கேருந்து வர்றாங்க? ஆத்துக்குள்ளேருந்தா?" என்று முனகிக்கொண்டே அடுத்த பெட்டிக்கு நடந்தார். ரயில் அப்போது ஹாக்ஸ்பரி ஆற்றுப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. முனகட்டும், எனக்கென்ன? வாரக்கணக்காக இதைத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கொலீனின் ஜன்னலோரத்தை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பக்கத்தில் நெவில் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "ஏம்மா ரேலின், அந்தப் பைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

"வாய மூடிட்டுக் கட்டத்த நிரப்புங்க."

சிட்னிக்கு வேலைக்குப் போகும் எங்கள் மூவரில் கொலீன்தான் முதலில், வயாங் ஸ்டேஷனிலேயே ஏறிவிடுவாள். எங்கள் வண்டி பழசு. சாய்மானத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் இருக்கை மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அவள்தான் தினமும் அதைத் திருப்பி, எதிரெதிராக இடம் அமைத்து, கடுகு நிறச் சால்வையை விரித்துப் போட்டு எங்களுக்காகக் காவல் இருப்பாள். காஸ்ஃபர்டில் நான் ஏறுவேன், வோய் வோயில் நெவில். அப்புறம் சிட்னி வரும்வரை அவளுடைய ஃபிளாஸ்க் தேநீரும் என் புலம்பலும்தான். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததையெல்லாம் கொலீனிடம் கொட்டியிருக்கிறேன். என் மகன் லாக்கிக்கு வலிப்பு வருவதையும், வந்தால் அவன் போடும் சத்தத்தையும், நெவில் தூங்கிப்போன ஒரு காலையில், ரயிலில் அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

எனக்கு நகரத்தில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. லாக்கிக்கு மீசை முளைத்துவிட்டது, ஆனாலும் தனியாக விட முடியாது. காஸ்ஃபர்டில் ஒரு பகல் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடிவருவேன். ஒருமுறை அங்கிருந்து போன் வந்தது, விழுந்துவிட்டான், மண்டையில் அடி என்று. அடுத்த ரயிலைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று, நான் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். "அம்மா எங்க, அம்மா எங்கன்னே கேட்டான்" என்றாள் நர்ஸ். அதிலிருந்து எனக்கு ஒரே வெறி, எப்படியாவது நகரத்துக்குப் பக்கத்தில் குடிபோக வேண்டும்.

தேடித் தேடி, எங்கள் வண்டி சிட்னிக்குள் நுழைந்ததும் நிற்கும் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வாடகை வீடு அகப்பட்டது. திருமதி ஃபெனெக் என்ற மால்டாக்காரக் கிழவி, தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய சின்ன வீடு. வாசலில் எலுமிச்சை மரம், தெருமுனையிலேயே லாக்கிக்குத் தோதான காப்பகம். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. "பழம் வேணும்கிறப்பல்லாம் பறிச்சுக்க. அடுத்த வாரம் வந்து சாவிய வாங்கிக்க," என்றார். மறுநாள் ரயிலில் தெருப் பெயர், கிழவி பெயர், மரம் உட்பட ஒன்றுவிடாமல் கொலீனிடம் ஒப்பித்தேன். என்னைக் கட்டிக்கொண்டாள். "நீயும் போயிட்டா இந்த ரயில்ல எனக்கு யாருடி இருக்கா?" என்று கண் கலங்கினாள். நான்தான் அவளைத் தேற்றினேன்.

சாவி வாங்கப் போகிற நேரத்தில் கிழவி போன் செய்தார். "உன் பையனுக்கு வலிப்பு வருமாமே, ராத்திரில கத்துவானாமே. எங்கிட்ட சொல்லவேயில்லியேம்மா. எனக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் சத்தம்லாம் தாங்காது." யார் சொன்னது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். எனக்கு அந்தத் தெருமுனைக் காப்பகத்துப் பெண்மேல்தான் சந்தேகம், லாக்கியைச் சேர்க்க அவளிடமும் நோயைச் சொல்லியிருந்தேன். நேரே போய் அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். பாவம், அவள் திகைத்துப்போய் நின்றாள். ரயிலில் கொலீன் என்னோடு சேர்ந்து அழுதாள். "யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவ பாத்த வேலைடி" என்றாள்.

அதற்கப்புறம் கொலீனைக் காணோம். "முதுகுவலி, லீவு" என்று ஒரே ஒரு செய்தி. நான் பதில் போட்டேன்: "உடம்பப் பாத்துக்க. உன் இடத்த நான் பாத்துக்கறேன்." காஸ்ஃபர்டில் ஏறியதும் நானே இருக்கையைத் திருப்ப ஆரம்பித்தேன்.

அந்த டைக்காரர் முனகிவிட்டுப் போன அன்று ஸ்ட்ராத்ஃபீல்டில் புறநகர் வண்டி ஒன்று ரத்து. நடைமேடையில் நின்ற கூட்டம் முழுக்க எங்கள் வண்டிக்குள் பிதுங்கிக்கொண்டு ஏறியது. அந்த நெரிசலில் ஒரு கடுகு நிறச் சால்வை தள்ளிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றது.

"கொலீன்!" கத்தியே விட்டேன். "வா வா, உட்காரு. உனக்காகத்தான் வச்சிருக்கேன்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இங்க எங்க ஏறுற? டாக்டரப் பாக்க வந்தியா?"

அவள் உட்காரவில்லை. காலி இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதன் வாய் வழியே எலுமிச்சம்பழங்கள் தெரிந்தன, காம்பும் இலையுமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபெனெக் கிழவியின் வாசல் மரத்துப் பழம்.

"எனக்கும் அறுபதாகப்போகுது ரேலின்," என்றாள் தாழ்ந்த குரலில். "விடியறதுக்கு முன்ன எந்திரிக்க முடியல."

"லாக்கியப் பத்தி அந்தம்மாகிட்ட சொன்னது நீதானா?"

"பொய் ஒண்ணும் சொல்லலியே."

நெவில் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எதிர் வண்டிதான் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் எதுக்குடி எங்கூட உக்காந்து அழுத?"

"நெசமாத்தான் அழுதேன்," என்றாள் கொலீன்.

அறைந்திருக்கலாம். என் பிள்ளையின் நோயை விற்று ஒரு வீடு பிடித்தவளை அறைவதற்குக்கூட எனக்குக் கை வரவில்லை. கூட்டத்திலிருந்து, முதுகில் புத்தகப் பை சுமந்த ஒரு பெண் தலையை நீட்டினாள். "ஆன்ட்டி, இங்க யாராவது வர்றாங்களா?"

கொலீன் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லம்மா. யாரும் வரல. உட்காரு."

அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொலீனுக்கு நகர இடமில்லை. முன்னும் பின்னும் ஆட்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி என்னை ஒட்டியே நின்றாள். வண்டி வளைவுகளில் குலுங்கும்போதெல்லாம் அந்தத் துணிப்பை வந்து என் தோளில் இடித்தது. சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷன் வரும்வரை, எலுமிச்சை வாசத்தோடு, இடித்துக்கொண்டே இருந்தது.