ஊரிலை எவ்விடம்?

லண்டனில் வாடகைக்கு அறை எடுப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பே வைத்தார்கள். ஏஜென்சிக்காரரோடு எப்படிப் பேசுவது, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் சொன்னார்கள். தமிழ் வீட்டில் அறை கேட்டால் என்ன கேட்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், வெள்ளைக்காரருக்கு எங்கே தெரியப்போகிறது.

வந்த நாளிலிருந்து நான் எட்மண்டனில் கிளின்ரனின் அறையில், தரையில் படுத்துக்கொண்டிருந்தேன். கிளின்ரன் மன்னார்ப் பெடியன், கொழும்பில் என்னோடு ஆங்கிலம் படித்தவன். ஓர் அறைக்கு ஓர் ஆள்தான் என்று அவனுடைய வீட்டுக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் போகவேண்டும், இல்லாவிட்டால் அவனும் சேர்ந்து போகவேண்டும். ஏஜென்சிகளில் கேட்டால், இந்த நாட்டில் சம்பளம் எடுக்கிற ஒருவர் எனக்காகப் பொறுப்பு நிற்கவேண்டும் என்றார்கள். எனக்கு இங்கே பொறுப்பு நிற்க யார் இருக்கிறார்கள்? கடைசியில் கிளின்ரன்தான் விம்பிள்டனில் ஒரு தமிழ் வீட்டின் போன் இலக்கத்தைத் தேடித் தந்தான்.

“எங்கடை சனம்தானே மச்சான், பிரச்சினை இராது” என்றான். அப்படி நம்புகிறவன் கொடுத்துவைத்தவன்.

வீட்டுக்காரி சந்திரவதனா அன்ரி என்னை அன்பாகத்தான் வரவேற்றார். மாடியில் அறையைக் காட்டினார். மேசை, கட்டில், சுவரோடு ஹீற்றர், தோட்டத்தைப் பார்த்த ஒரு யன்னல். இருந்து படிக்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம். நான் அந்த அறைக்கு ஆசைப்பட்டுவிட்டேன். கீழே வந்ததும் நல்ல கோப்பையில் தேத்தண்ணி தந்தார். அவருடைய கணவர் யோகராஜா அங்கிள் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி ஊரிலை எவ்விடம்?”

“சாவகச்சேரிப் பக்கம், அன்ரி.”

“சாவகச்சேரிப் பக்கமெண்டா?”

ஊரின் பெயரைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய மச்சாள் ஒருத்தியை அங்கேதான் கட்டிக்கொடுத்ததாம்.

“அங்கை எவ்விடம்? பிள்ளையார் கோயிலடியோ?”

வெளியாள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார். எங்கள் ஆட்கள் என்ன சாதி என்று வாய்திறந்து கேட்கமாட்டார்கள். அது நாகரிகமில்லையே. ஊரைக் கேட்பார்கள், பிறகு கோயிலைக் கேட்பார்கள், பிறகு எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள், அவ்வளவில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பிள்ளையார் கோயிலடி என்றால் உயர்ந்த சாதி. குளத்தடி என்றால் அவர்கள் வீட்டுக்குள் எடுக்காத சாதி. நாங்கள் குளத்தடி.

நான் வாய் திறக்க முதல் அடுத்த கேள்வி வந்துவிட்டது. “அப்பா என்ன செய்யிறார்?”

“கணக்கு மாஸ்டராய் இருந்தவர். இப்ப பென்சன்.”

“மாஸ்டரோ! அப்ப கோயிலடிதான், நான் நினைச்சனான்” என்றார். குளத்தடியில் ஒரு மனிதர் மாஸ்டராகலாம் என்பது அவருடைய புத்திக்கு எட்டாத சங்கதி. நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

“குறை நினையாதேங்கோ தம்பி. ஒரே குசினி, ஒரே பாத்றூம், விசாரியாமல் விடேலாது. போன கிழமையும் ஒரு பெடியன் வந்தவன், வடிவாக் கதைச்சான். விசாரிச்சுப் பாத்தா ஆள் அவையள். அறை குடுத்தாச்செண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்.”

அங்கிள் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

‘அவையள்’ என்றால் ‘அவர்கள்’, அதாவது எங்களைப் போன்ற குளத்தடி ஆட்கள். நான் லண்டனுக்கு வந்து படிப்பது மனித உரிமைச் சட்டம். சிரிக்காதீர்கள். கோப்பையை வைத்துவிட்டு ‘நானும் அவையள்தான் அன்ரி’ என்று எழுந்திருக்கவேண்டும் என்று எனக்கும் தெரியும். எழுந்து எங்கே போவது?

“அம்மாவோடை ஒருக்காக் கதைப்பம், வீடியோ கோல் எடுங்கோ” என்றார் அன்ரி. “பிள்ளையைத் தூர விட்டிட்டு இருக்கிற மனுசி. என்னைப் பாத்தா ஆறுதல்தானே.”

எடுத்தேன். அம்மா உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில், பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு சிநேகிதனிடம் என் வீடு கோயிலடி என்று சொல்லியிருந்தேன். அது அம்மாவின் காதுக்குப் போயிற்று. அவனைக் கூட்டிவரச் சொல்லி, இருத்திச் சோறு போட்டு, “இதுதான் தம்பி குளத்தடி, நல்லாப் பாத்துக்கொள்ளு” என்றவள் என் அம்மா. அவளே சொல்லட்டும், அறை போகட்டும், நானும் மானத்தோடு எழுந்து போகலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு.

அன்ரி போனை வாங்கிக்கொண்டார். “வணக்கம் தங்கச்சி. ரதீசன் எங்கடை வீட்டைதான் நிக்கிறார். நீங்கள் கோயிலடியிலை எவ்விடம்?”

அம்மா அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள்.

“தேர்முட்டிக்குப் பின்னாலை, அக்கா” என்றாள்.

“அட, எங்கடை மச்சாள் வீட்டுப் பக்கம்!”

“ஓம் அக்கா. மதிலுக்கு மற்றப் பக்கம்.”

அந்த மச்சாள் வீட்டு மதிலுக்குள் அம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. குரல் தடுமாறவேயில்லை. அன்ரி என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார். வாசற்கதவுத் திறப்பை அப்போதே என் கையில் தந்தார்.

ஸ்ரேசனுக்கு நடக்கும்போதே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எனக்கு அப்படியொரு ஆத்திரம். “ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்? நீங்களே அப்பிடிச் சொல்லலாமோ?” என்று நடுத்தெருவில் கத்தினேன்.

“உன்ரை முகத்தைப் பாத்தன். நீ கோயிலடியெண்டு சொல்லிப்போட்டுத்தான் நிக்கிறாய் எண்டு விளங்கீட்டுது. அந்த மனுசிக்கு முன்னாலை பெத்த பிள்ளையைப் பொய்யனாக்கேலுமோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. அவவாத்தான் நினைச்சவ.”

“சரி.”

அறையில் குளிர் பிடிக்காதா, யன்னல் ஒழுங்காகப் பூட்டுமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டு நடந்தேன். போனை வைக்கப்போகிற நேரம் மறுபடி கூப்பிட்டாள்.

“தம்பி, அந்த வீட்டிலையிருந்து எனக்கு வீடியோ எடுக்காதை. அவ பக்கத்திலை வந்து நிப்பா. இன்னொருக்கா என்னாலை ஏலாது.”