கடைசிச் சரணத்தில் இருந்த பெயர்

நுஹாவின் கலியாணத்தன்று பின்னேரம், உப்புக்குளத்து வீட்டுப் பந்தலுக்குள் தனஞ்சயன் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். கலியாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவது அவனுடைய தொழில்களில் ஒன்று. மணப்பெண்ணின் தகப்பன் நுஃமானுக்குக் கத்தாரில் லீவு கிடைக்கவில்லை. அவர் அங்கே போனைப் பார்த்தபடி காத்திருந்தார். போகிற படத்தைப் பந்தலில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று பெரிய டிவி ஒன்றும் வைத்திருந்தார்கள்.

"தம்பி, இடையில அறுந்து போகாதே?" நுஹாவின் தாய் பரீனா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அறாது அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்."

தனஞ்சயன் கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார் பட்டினத்தில் போன் கடை வைத்திருக்கிறான். பழைய கசற்றுகளைத் தேடிப் பிடித்து, இரைச்சல் நீக்கி யூடியூப்பில் போடுவதில் அவனுக்குப் பெரிய ஆசை. போன வருசம் மாமனார் வீட்டு அலுமாரியில் ஒரு கசற் அகப்பட்டது. உறை முழுவதும் பூஞ்சணம். உள்ளே ஆர்மோனியத்தோடு ஒரு கலியாணப் பாட்டு: 'பாலங் கடந்து மாப்பிள்ளை வாறார்'. ஆறு நிமிடப் பாட்டு. இந்தக் காலத்தில் ஆறு நிமிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டுப் போட்டான். லட்சம் பேர் கேட்டார்கள். பாட்டுகளை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும் கம்பனி ஒன்று படிவம் அனுப்பியது. 'உரிமையாளர்' என்ற இடத்தில் யோசிக்காமல் தன் பெயரை எழுதினான்.

வெட்டிய சரணத்தில் பாடியவரின் பெயரும் ஊரும் இருந்தன. அது அவன் காதில் விழாமலும் இல்லை. பழைய ஆள், இருக்கிறாரோ இல்லையோ என்று விட்டுவிட்டான். அவனுடைய கடையிலிருந்து உப்புக்குளத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மணப்பெண்ணை வெளியே அழைக்கும் நேரம் வந்தது. எழுபத்துமூன்று வயதுச் சரிபுதீன் ஆர்மோனியத்தோடு கதிரையில் வந்து அமர்ந்தார். ஊருக்கே அண்ணன் முறை, சரிபு நானா. ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு இருந்த புத்தளம் அகதி முகாமில் நுஃமானுக்கும் பரீனாவுக்கும் கலியாணம் நடந்தபோது, ஆர்மோனியம் இல்லாமல் தண்ணீர் வாளியில் தாளம் தட்டிப் பாடியவர். அவர் பாட்டின் கடைசிச் சரணத்தைப் பாடும்போதுதான் பெண் வெளியே வருவாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்து வழக்கம் அது.

"பாலங் கடந்து மாப்பிள்ளை வாறார்..."

தனஞ்சயனுக்குக் காது சுட்டது. அதே குரல். வயதேறியிருந்தாலும் அதே குரல்தான்.

இரண்டாவது சரணம் முடியவில்லை, டிவி கறுத்துப்போனது. திரையில் எழுத்து வந்தது. நுஹாவின் தம்பி அகீல் உரக்க வாசித்தான்: "இந்தப் பாட்டின் உரிமை தனஞ்சயன் என்பவருக்குரியது. அனுமதியின்றி ஒலிபரப்பியதால் நிறுத்தப்பட்டுள்ளது."

பாவம், அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் கண்டுபிடித்து நிறுத்தும் கம்பனியின் இயந்திரத்துக்கு ஆள் முகம் தெரியாது. தனஞ்சயன் பூட்டிய பூட்டில் தனஞ்சயனே மாட்டிக்கொண்டான்.

"அப்ப நான் களவெடுத்தோ பாடுறன்?" சரிபு நானா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். பந்தல் சிரித்தது. "ஆரப்பா உந்தத் தனஞ்சயன்?"

"நான்தான் நானா."

சிரிப்பு நின்றது. அதற்குள் பரீனாவின் போன் அடித்தது. "என்ன, படம் நிண்டுட்டு? பிள்ளை வெளிய வந்துட்டாளா?" நுஃமான் கத்தாரிலிருந்து கேட்டார். பரீனா போனைச் சரிபு நானாவின் பக்கம் நீட்டினாள்.

"வரேல்ல நுஃமான்! நீ பாக்காம வரவும் மாட்டா," என்று சரிபு நானா சத்தம் போட்டார். பிறகு தனஞ்சயனைப் பார்த்தார். "உங்களோட கதை பேந்து. முதல்ல அவனுக்கு வழி பாருங்கோ."

தனஞ்சயன் தன் போனை எடுத்து நுஃமானுக்கு வாட்ஸப்பில் வீடியோ அழைப்பு எடுத்தான். கதவுக்கு நேரே முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் போனைப் பிடித்தான். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. கடைசிச் சரணம் வந்ததும் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்:

"உப்புக்குளத்துச் சரிபுதீன் பாட
ஒப்பனை முடிஞ்சு பொண்ணு வாறா!"

நுஹா வந்தாள். போனுக்குள் நுஃமான் சிறுபிள்ளை போல அழுதார். போன் பிடித்திருந்தவனும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தனஞ்சயன் சரிபு நானாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா. உங்கட பேரை வெட்டினது நான். இப்பவே பாட்டை அழிச்சுவிடுறன்."

"அழிக்கிறதோ? லட்சம் பேர் கேட்டதெண்டு அகீல் சொல்லுறான். எனக்கு அது சந்தோசமில்லையோ?" கிழவர் சிரித்தார். "முழுசாப் போடுங்கோ. நானும் வந்து மிச்சப் பாட்டுகளையும் பாடித் தாறன்."

அன்றே படிவத்தில் பெயர் மாறியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு நிமிடப் பாட்டும் முழுதாக ஏறியது. அதற்குக் கீழே முதல் கருத்தைத் தனஞ்சயனே எழுதினான்: 'இந்தப் பாட்டைக் கட்டிப் பாடியவர் உப்புக்குளம் சரிபுதீன். ஐந்து நிமிடப் பயணத்தில் இருந்த மனிதரை நான் தேடவில்லை. ஒருவருடைய பாட்டை உலகத்துக்குக் காட்டுகிறோம் என்று அவருடைய பெயரை மறைத்தால், அது சேவை இல்லை, களவு. முதலில் ஆளைத் தேடுங்கள், பிறகு பாட்டை ஏற்றுங்கள்.'