நானூற்றுப் பன்னிரண்டு அடி

ஊரில் இருக்கும் நாத்தனார், தன் அண்ணன் பெண்டாட்டி வெளிநாட்டில் மாட்டு வைத்தியம் படிப்பதாகத்தான் கடைசிவரை நம்பினாள். தப்பு நாத்தனார் மேல் இல்லை. அண்ணன்காரன் அலுவலகக் கோப்புகளுக்குள்ளேயே வளர்ந்தவன். மனைவியின் படிப்பைப் பற்றி உறவினர் குழுவில் செய்தி போடும்போது, "பெருநகரின் பகுதிகளைக் கால்நடையாக ஆய்வு செய்கிறார்" என்று எழுதிவிட்டான். கால்நடைக்கு அப்புறம் யாரும் படிக்கவில்லை.

"இங்க இல்லாத மாடா அங்க இருக்கு?" என்று நாத்தனார் கேட்டாள்.

"இருக்கும்மா. ஆனா இங்க அதெல்லாம் கார்ல போகுது" என்று இவள் பதில் போட்டாள்.

ஊரில் நில அளவை அலுவலகத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். படிக்க இரண்டு வருஷம் விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் கூடினாலும் நாற்காலியில் வேறு ஆள். நகரத்தை நடந்து பார்த்து, படம் வரைந்து, ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும். அது தேறினால் பட்டம். தேறாவிட்டால் மறுபடி நடக்க ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதம் அவளிடம் இல்லை.

நடப்பது அவளுக்குப் புதிதல்ல. அளவைச் சங்கிலி எப்போதும் மேலதிகாரியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி அவர் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கும். அதனால் காலையே சங்கிலியாகப் பழக்கியிருந்தாள். ஓர் எட்டுக்கு இருபத்தெட்டு அங்குலம். மழையானாலும் வெயிலானாலும், மேடானாலும் பள்ளமானாலும் இருபத்தெட்டுதான். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வேகமாகப் போகும்போதுகூட மாறாது. அவனே ஒருமுறை பின்னால் வந்து அளந்து பார்த்திருக்கிறான்.

அந்த நகரத்தில் அவள் தங்கியது தமிழ்ச் சங்கத் தலைவர் வீட்டில். கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. பாதி அறை அவளுக்கு. மீதிப் பாதியில் தலைவர் வாங்கிய கேடயங்கள், மடக்கு நாற்காலிகள், கழுத்து முறிந்த ஒரு மைக் கம்பம். படுக்கையில் புரண்டால் ஏதாவது ஒரு பாராட்டு முதுகில் குத்தும்.

"இது உன் வீடு தங்கச்சி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் தலைவர். சங்கத்தில் எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். தலைவர் மனைவி அவளுக்கு அண்ணி. பாசம் அப்படி ஆறாய் ஓடியதில், அவள் பெயர் என்னவென்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தலைவர் அந்த ஊரில் முப்பது வருஷமாக இருப்பவர். "இந்த ஊரு எனக்கு உள்ளங்கை மாதிரி" என்பார். உண்மைதான், உள்ளங்கை எப்போதும் ஸ்டீயரிங்கில் இருந்தது. எந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நிறுத்த இடமில்லாத தெருக்கள் அவரைப் பொறுத்தவரை இன்னும் கட்டப்படவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். "நம்ம ஆளுங்களுக்கு இந்த ஊரைப் பத்தி ஒரு வழிகாட்டி நூல் வேணும். நீ எப்படியும் நடக்கத்தானே போற? எழுதுறதுல ஒரு நகல் எனக்கும் குடு."

இருக்க இடம் கொடுத்தவர் கேட்கிறார். கொடுத்தாள்.

எட்டு மாதம் நடந்தாள். ரயில் நிலையத்தின் பின்வாசலில் சாவி வெட்டுகிற கடைகள் ஒன்பது. அதில் ஏழு கடைக்காரர்கள் தங்கள் கடைச் சாவியைத் தொலைத்தவர்கள். மருத்துவமனைத் தெருவில் மருந்துக் கடையும் மலர்வளையக் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டன. எந்தப் பக்கம் போனாலும் அவர்களுக்கு வியாபாரம். கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் மேட்டில் உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. அதைக் கூட்டுகிறவர்கள், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். எல்லாவற்றையும் வரைந்தாள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தூரம் எழுதினாள்: பின்வாசலிலிருந்து மீன் சந்தை, 412 அடி. அடி என்றால் அவள் எடுத்துவைத்த அடி. அலுவலகத்தில் அப்படித்தான் குறிப்பார்கள், பிறகு பெருக்கிக்கொள்வார்கள்.

அவள் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் தலைவரின் நூல் வந்துவிட்டது. பெயர்: 'நான் நடந்த நகரம்'. இருமொழிப் பதிப்பு; தமிழ் ஒரு பக்கம், எதிரே அந்த ஊர் மொழி. அட்டையில் தலைவர் ஒரு காலை முன்னே வைத்து நின்றார். தூக்கியிருந்த பின்காலில் செருப்பின் அடிப்பாகம் கடையிலிருந்து வந்தது போலவே வெள்ளையாக இருந்தது. உள்ளே ஏழு வாழ்த்துரைகள், பிறகு அவள் வரைந்த படங்கள், அவள் எழுதிய தெருக்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், தமிழில் மட்டும், நன்றி:

தேநீர் உதவி: இல்லத்தரசி.
கால்நடை உதவி: தங்கச்சி.

"எனக்காவது டீ" என்றாள் அண்ணி, பாத்திரம் துலக்கிக்கொண்டே. "உன்னை மாடு மேய்க்க விட்டுட்டாரு."

முதல் பிரதியைத் தலைவர் பல்கலைக்கழக நூலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டார். வந்தது வினை.

அவளுடைய பேராசிரியர் வயதான பெண்மணி. ஒரு முழங்கால் வேலை செய்யாது. கைத்தடி வேலை செய்யும். மேசைமேல் நூலையும் ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"இதுல நானூத்திப் பன்னெண்டு அடி. அளவு அடி, பன்னெண்டு அங்குலம். உங்க ஏட்டுல நானூத்திப் பன்னெண்டு காலடி. எண்ணை அப்படியே எடுத்துட்டு, அலகை மட்டும் மாத்தியிருக்கீங்க. படமும் அதேதான்."

"படம் என்னுது. எண்ணும் என்னுது. மொழிபெயர்த்தவங்க தப்பாப் போட்டுட்டாங்க. எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே சொல்."

"ஆதாரம்?"

நூலின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பேராசிரியர் கைப்பேசியை அதன்மேல் பிடித்தார். அது யோசித்து, அந்த ஊர் மொழியில் பெயர்த்துச் சொன்னது: 'ஆடுமாடு உதவி: இளைய சகோதரி.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "அவர் உங்க அண்ணனா?"

"இல்ல. மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவோம்."

"சகோதரின்னு அச்சடிச்சிருக்கு. சரி, குடும்ப விஷயம். இந்த ஆய்வு உங்களுதுன்னு உங்க அண்ணன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. பேரோட. பதினஞ்சு நாள். இல்லேன்னா நகலடிச்சதுன்னுதான் நான் எழுதணும்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார். நூல் வந்ததிலிருந்து கால் வலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி போதும் அண்ணா. நடந்தது, அளந்தது, வரைஞ்சது நான்னு."

"அப்ப நான் என்ன பண்ணினேன்?"

நியாயமான கேள்வி.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னுது உன்னுதுன்னு பேச்சு வரலாமா? கூடப் பொறந்தவளா இருந்தா இப்படி வந்து நிப்பியா? ஊரே என்னைப் படிச்சுட்டுப் பாராட்டுது. இப்பப் போயி நான் நடக்கலைன்னு எழுதிக் குடுத்தா, அந்த ஏழு வாழ்த்துரைக்கு யாரு பதில் சொல்றது?"

"எனக்குப் பட்டம் போயிடும் அண்ணா. விடுப்பு முடிஞ்சா வேலையும் போயிடும்."

"படிப்பு எங்கம்மா போகும்? மண்டைக்குள்ள இருக்கறதை யாராவது திருட முடியுமா?"

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னொண்ணு அண்ணா. நூல்ல தூரமெல்லாம் தப்பு. அது அளவு அடி இல்ல, என் காலடி."

"அடின்னா அடி. தமிழ்ல ரெண்டு அடியா இருக்கு?"

"மூணு இருக்கு. அளக்குற அடி, வைக்கிற அடி, வாங்குற அடி."

தலைவருக்குத் தான் சொல்லாத சிலேடைகள் பிடிக்காது. "உங்க பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கேன்" என்று பேச்சை மாற்றினார். "அடுத்த சனிக்கிழமை நூல் வழி நடை, பின்வாசல்லேருந்து மீன் சந்தைக்கு. அவங்க தலைமை, நான் முன்னிலை. நீயும் வா, கூட்டத்துக்குத் தண்ணி குடுக்க ஆள் வேணும்."

"அவங்களுக்கு முழங்கால் சரியில்ல. அந்தத் தூரம் நடக்க முடியாது."

"நானூத்திப் பன்னெண்டு அடி! கைக்குழந்தை தவழ்ந்தே போயிடும். போ தங்கச்சி, போய்ப் படி."

ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாம் முறை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை காலை பின்வாசலில் நாற்பது பேர் கூடினார்கள். கைக்குழந்தைத் தூரம் என்பதால் பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுப் பட்டு உடுத்தி வந்திருந்தார்கள். பேராசிரியர் நூலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நானூறு அடின்னா நான் நடப்பேன்" என்று கைத்தடியைத் தட்டினார். தலைவர் கையில் ஒலிபெருக்கியோடு வரவேற்புரை ஆற்றினார். அந்த நேரத்தில் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம்.

நடந்தார்கள். நூலின் கணக்குப்படி சந்தை வரவேண்டிய இடத்தில் தலைவர் நின்று கையை வீசினார். "இதோ, நூற்றாண்டுப் பழமை வாய்ந்த மீன் சந்தை!"

எல்லாரும் பார்த்தார்கள். எட்டாவது சாவிக் கடைக்காரர் அவர்களைத் திருப்பிப் பார்த்தார்.

தலைவர் அசரவில்லை. "சந்தை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றார்.

அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தெரு மேடேறியது. பட்டுச் சேலைகள் முழங்கால்வரை உயர்ந்தன. ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நடந்த நகரம்னு போட்டாரே, இழுத்துட்டுப் போற நகரம்னு போட்டிருக்கலாம்" என்றது ஒரு குரல். பேராசிரியரின் கைத்தடிச் சத்தம் இரண்டு அடிக்கு ஒன்றாக இருந்தது. ஓர் அடிக்கு ஒன்றானது. பிறகு நின்று நின்று வந்தது. அவள் தண்ணீர்ப் புட்டியோடு அவர் பக்கத்திலேயே நடந்தாள். அந்த முழங்கால் வலிப்பது அவளுக்குக் காதில் கேட்டது. தான் இரண்டாம் முறை வாயைத் திறக்காததற்கு அந்தம்மா கால் பதில் சொல்கிறது என்று நினைத்தாள். நினைத்தபடியே எண்ணிக்கொண்டும் வந்தாள். நானூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சந்தை வாசல்.

பேராசிரியர் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்தார். உருகிய பனிக்கட்டித் தண்ணீர் அவர் செருப்புக்குள் ஓடியது. கைப்பேசியில் தூரத்தைப் பார்த்தார். தொள்ளாயிரத்து அறுபத்தொரு அடி. மூச்சு வாங்கிக்கொண்டு தலைவரைக் கேட்டார்: "இதை அளந்தது யார்?"

சங்கத் தலைமை என்பது ஒரு கலை. மாலை வந்தால் கழுத்தை நீட்ட வேண்டும்; கல் வந்தால் பக்கத்தில் இருப்பவரை நீட்ட வேண்டும். நாற்பது பேர் வியர்த்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் விரல் தண்ணீர்ப் புட்டியை நோக்கி நீண்டது.

"இவதான்! எல்லாம் தங்கச்சிதான். நடந்தது இவ, அளந்தது இவ, படம் போட்டது இவ. நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கல!"

"எழுதித் தர முடியுமா?"

"இப்பவே தரேன்!"

வரவேற்புரைத் தாளின் பின்பக்கத்தில், மீன் தட்டுமேல் வைத்து, அந்த ஊர் மொழியில் விறுவிறுவென்று எழுதினார். நூலின் படங்கள், அளவுகள், விவரங்கள் யாவும் கீழ்க்கண்டவருடையவை; அவற்றிலுள்ள பிழைகள் அனைத்தும் அவருடையவையே; எனக்கு யாதொரு பங்கும் இல்லை. அதற்கப்புறம் பேனா நின்றது.

"தங்கச்சி," குரலைத் தாழ்த்தினார், "உன் பேரு என்னம்மா?"

சொன்னாள். ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டார். "அந்த எழுத்து இல்ல அண்ணா" என்று திருத்தினாள். தகப்பன் பெயரின் தலைப்பெழுத்தையும் சேர்க்கச் சொன்னாள். அவர் சேர்த்தார்.

பேராசிரியர் தாளை வாங்கி ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். "உங்க காலடி எவ்வளவு?"

"இருபத்தெட்டு அங்குலம்."

பெருக்கினார். வகுத்தார். கைப்பேசியை மறுபடி பார்த்தார். தலைவரைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு வண்டி கூப்பிடுங்க" என்றார்.

ஆய்வேடு தேறியது. பல்கலைக்கழகத்தில் அவள் கோப்பின் முதல் தாள் அந்தக் கடிதம்தான். நாளைக்கு யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும், அவள் நடந்ததைப் படிப்பதற்கு முன்னால் பிழைகள் அனைத்தும் அவளுடையவை என்று படித்துக்கொள்ளலாம். சங்கமும் சும்மா இருக்கவில்லை. விற்காத பிரதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியது: 'பிழை திருத்தம். இந்நூலின் அளவுப் பிழைகளுக்குப் பொறுப்பு…' அதற்குப் பின்னால் அவள் பெயர், தலைப்பெழுத்தோடு, எழுத்துப் பிழையில்லாமல். அது வாழ்த்துரைகளைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

அறையைக் காலி செய்யச் சொல்லித் தலைவர் நேரில் சொல்லவில்லை. கேடயங்களைப் படுக்கைமேல் அடுக்கிவைத்தார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணி மட்டும் வாசல்வரை வந்தாள்.

"உன் பேரு நல்லா இருக்கு" என்றாள். "ஒட்டுறப்பதான் பாத்தேன். இத்தனை நாளா ஒரே வீட்ல இருந்து தெரியாமப் போச்சு பாரு."

"பரவால்ல அண்ணி."

"அடுத்த வாரம் இன்னொரு பொண்ணு வர்றா, படிக்கத்தான். எங்க போனாலும் சைக்கிள்தானாம். அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நூலுக்கு இப்பவே பேரு வெச்சுட்டாரு."

"என்ன பேரு?"

"'நான் மிதித்த நகரம்'."

இவள் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். "அவ பேரையாவது முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க அண்ணி."

"எதுக்கு?" என்றாள் அண்ணி. "தங்கச்சின்னு கூப்பிட்டாப் போச்சு."

வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் நூற்று எழுபது அடி. அவள் காலடியில்.