பொய் ஜன்னல்

ஹார்கோம் மாளிகையின் முகப்பில் நடுவாசலுக்கு இந்தப் பக்கம் ஐந்து ஜன்னல், அந்தப் பக்கம் ஐந்து. வலது ஓரத்தில் இருப்பதில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் கல். சட்டம் உண்டு, விளிம்பு உண்டு, வெளிச்சம்தான் கிடையாது. அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டதால் முன்னோர்கள் அதை அடைத்துவிட்டார்கள் என்று, ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் லயனல் முப்பது வருடமாகச் சொல்லிவந்தார்.

இடுப்பெலும்பு உடைந்து மாடியேற முடியாமல் போன அவர் மனைவி இமோஜன் படுத்திருந்தது அந்தக் கல்லுக்குப் பின்னால்தான். கீழ்த்தளத்தில் மற்ற அறைகளெல்லாம் பார்வையாளர்களுக்கு. இந்த அறையில் பகலிலும் விளக்கு. அவள் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வருவதை லயனல் கவனித்தார். அடைத்ததைத் திறந்துவிடலாம் என்று துணிந்தார்.

ஆனால் புராதனச் சின்னம் என்று பட்டியலில் சேர்த்த இத்தகைய வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். கவுன்சிலிலிருந்து வந்த மிஸஸ் ஆஸ்க்யூ கறார் பேர்வழி.

"ஜன்னலா இருந்து அடைச்சதுன்னா திறந்துக்கோங்க. ஆதியிலேயே சுவர்னா ஒரு கல்லைத் தொட விடமாட்டேன்."

"என் வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

உள்பக்கம் சாந்தைச் சுரண்டினார்கள். ஜன்னல் விளிம்பு வரவில்லை. பக்கத்துச் சுவரோடு வரிசைக்கு வரிசை கோத்துக் கட்டிய செங்கல்தான் வந்தது.

"கட்டும்போதே சுவர் சார்," என்றார் மிஸஸ் ஆஸ்க்யூ. " வெள்ளிப் பாத்திரம் பூட்டி வைக்கிற ரூம் இது. வெளியில கணக்கு சரியா வரணுமேன்னு ஜன்னல் மாதிரி வச்சிருக்காங்க."

லயனலுக்கு முகம் செத்துவிட்டது. கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது.

"முப்பது வருஷமா வாய் கூசாம புளுகியிருக்கியே லயனல்!" சிரித்து முடித்து இமோஜன் சுவரையே பார்த்தாள். "அப்போ இது வெளியே புல்வெளியில நின்னு பாக்கறவனுக்காகக் கட்டின வீடு. கட்டிலை நடுக்கூடத்துல போடு."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் வருமே இமோ! நீ நைட்டியோட..."

"வரட்டுமே. தூணைப் பாக்கறவங்க என்னையும் பாத்துட்டுப் போகட்டும். அதுக்காக டிக்கெட்டை ஏத்திடாத."

மானம் போகிறதே என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தக் கூடத்தின் உயரம், அகலம், தூண் கணக்கு எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வெயில் எத்தனை மணிக்கு வரும் என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. பத்தரைக்கு வந்து, ஒன்றரை வரை அவள் முகத்திலேயே நின்றது.