பென்சிலால் எழுதாத வரி

எட்டு வாரமாக நான் பாறைக்குள் கிடந்தேன். சிறையில் போட்டிருந்தால்கூட ஞாயிற்றுக்கிழமை யாராவது பார்க்க வந்திருப்பார்கள்.

வடக்கு பின்லாந்தில் எங்கள் ஊர். ஊர் முழுக்கச் சுடுநீர் அனுப்பி வீடுகளைக் குளிரிலிருந்து காப்பது ஒரு சர்வர். போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று பாறையில் குடைந்த அறையில் அதை வைத்திருக்கிறோம். அந்த அறைக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே போனால் கைபேசி செங்கல்லுக்குச் சமம். நவம்பர் பதினேழிலிருந்து அந்தச் சர்வர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பொட்டென்று செத்தது, சற்று நேரத்தில் தானாகவே எழுந்தது. ஏன் செத்தாய் என்று பார்த்தால் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்காது. வெளியே மைனஸ் இருபத்தேழு. அது செத்த உடனே யாராவது மேலே ஓடி வால்வுகளைக் கையால் திருப்ப வேண்டும். அதனால் நானும் இல்மோவும் பகல் முழுக்க அங்கேயே காவல் இருந்தோம்; இரவுக்கு வேறு ஆட்கள்.

இல்மோ ஜூலையில்தான் ஊலு நகரத்திலிருந்து வேலைக்கு வந்தான். அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு வந்திருந்தான். வயது நாற்பத்தாறு. ஆறு மாதச் சோதனைக் காலம் எட்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை முடிகிறது. அவனை அனுப்பிவிட மேலாளர் மார்கெட்டா ஏறக்குறைய முடிவு செய்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. சர்வரில் யார் எதை மாற்றினாலும், நூலில் கட்டிய பென்சிலால் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்வர் சாகத் தொடங்குவதற்கு முன் கடைசியாக இருந்தது இல்மோவின் கையெழுத்து: நவம்பர் 14, நெட்வொர்க் கார்டின் மென்பொருள் மாற்றப்பட்டது. ஒழுங்காக எழுதிவைத்தவன் தலையில் பழி விழுந்தது.

"கார்டு மேல தப்பில்ல ஓஸ்மோ. சர்வர் சாகும்போது அது மனசுல என்ன இருந்துச்சுன்னு பாத்தா தெரிஞ்சுடும்," என்றான் அந்த வாரப் புதன்கிழமை.

அதற்கு வழி உண்டு. சர்வரை நடத்தும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இன்னொரு சின்ன கெர்னலைப் படுக்க வைக்க வேண்டும். பெரியது விழும்போது சின்னது எழுந்து, செத்ததன் நினைவு முழுவதையும் அள்ளிப் பத்திரப்படுத்தும். அதுவும் எங்கள் பாறை அறை மாதிரிதான்: எதுவும் நடக்காதவரை வீண் இடம். அந்த இடம் வீண் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தவன் நான்தான்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க சர்வரை நாமே கொல்ல வேண்டும். முதல் தடவை நான் மூலையைக் கஞ்சத்தனமாக ஒதுக்கியிருந்தேன். இடம் போதாமல் சின்ன கெர்னலும் சேர்ந்து செத்தது. இருவரும் இருபது நிமிடம் வால்வு திருப்பினோம்.

"உனக்குப் படுக்க இவ்வளவு இடம் குடுத்தா நீ எந்திரிப்பியா?" என்றான் இல்மோ, மூச்சு வாங்க.

நாலு மடங்கு ஒதுக்கினேன். அள்ளியதை சர்வரின் வட்டிலேயே எழுதாமல், கம்பி வழியாக மேலே இருக்கும் பழைய கணினிக்கு அனுப்பச் சொன்னேன். கம்பி போவது இல்மோவின் கார்டு வழியாக. இரண்டாம் தடவை கொன்றோம். எல்லாம் வந்து சேர்ந்தது. இனி அது தானாகச் சாக வேண்டும் என்று காத்திருந்தோம்.

வியாழன் இரண்டு மணிக் காபிக்குக் கோப்பையை எடுத்தபோது செத்தது. இல்மோ கையுறையை மாட்டிக்கொண்டு மேலே ஓடினான். நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறி நூறைத் தொட்டது. அவன் கார்டு ஒரு பைட் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. சர்வர் எழுந்ததும், அப்படி வந்து சேர்ந்த கோப்பினைத் திறந்து கடைசி வரிகளைப் படித்தேன். வட்டில் எழுதக் காத்திருந்த ஒரு வேலை, நூற்றிருபது நொடியைத் தாண்டிவிட்டது. அமைப்பில் சொல்லியபடி நிறுத்துகிறேன் என்று எழுதியிருந்தது.

யாராவது சொன்னால் ஒழிய எந்தக் கெர்னலும் அதற்காகச் சாகாது. சொன்னவன் நான். அதே நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை சாயங்காலம். வட்டு அவ்வப்போது திணறும். நான் வந்து தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலில் உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிடாமல் அதுவே செத்து அதுவே எழட்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒரு வரிக்கெல்லாம் எவன் பென்சிலை எடுப்பான் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. இல்மோ வர இருபது நிமிடம் ஆகும். அந்த வரியை எடுத்துவிட்டு, கோப்பினை அழித்துவிட்டால் போதும். நாளை இல்மோ போய்விடுவான், சர்வர் சாவதும் நின்றுவிடும், மார்கெட்டா தான் நினைத்தது சரி என்பாள். அழிக்கும் கட்டளையைத் தட்டியும் வைத்தேன். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அறையில் மூச்சு விட இடமில்லை.

தட்டியதை அழித்தேன். அமைப்பில் இருந்த என் வரியை எடுத்தேன். பிறகு எழுந்து போய்ப் பென்சிலைப் பிடித்தேன். செய்ததையும், செய்த தேதியையும், இன்றைய தேதியையும் எழுதி, ஓஸ்மோ என்று கையெழுத்துப் போட்டேன். அழுத்தி எழுதியதில் முனை உடைந்தது.

இல்மோ வந்தான். கையுறையைக் கழற்றாமலே நோட்டைப் படித்தான், இன்னொரு தடவை படித்தான். திட்டுவான் என்று நின்றிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு வாரமா என் பொண்டாட்டி மிச்சமிருந்த பெட்டியில ஒண்ணக்கூட பிரிக்கல, ஓஸ்மோ," என்றான். "திரும்பக் கட்ட வேண்டியிருக்குமேன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையாட்டினான். பிளாஸ்கைத் திறந்து தன் கோப்பையில் மட்டும் காபி ஊற்றிக்கொண்டு மூடினான். எங்கள் ஊரில் எதிரிக்கும் முதலில் ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றுவார்கள்.

வெள்ளிக்கிழமை மார்கெட்டா அவனை நிரந்தரமாக்கினாள். என்னைக் கூப்பிட்டு, பென்சிலுக்குப் பதில் பேனா கட்டச் சொன்னாள், அவ்வளவுதான். சர்வர் இப்போது சாவதில்லை. நாங்கள் இருவரும் அதே அறையில், அதே இரண்டு நாற்காலியில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். நான் ஓய்வு பெற இன்னும் பதினாலு வருடம் இருக்கிறது.