கட்டாயம் பாக்கோணும்

பெங்களூரில் இருக்கிற ஹெப்பாள் இல்லை, அங்கிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய இன்னொரு ஹெப்பாள். அதன் நாலாவது கிராஸ் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமை காலையில் பால் பூத்துக்குப் போவது பாலுக்காக மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூத்தின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். வாரம் முழுக்க அதில் தயிர், நெய், பேடா விவரம் பூத்துக்காரி சென்னம்மாவின் கன்னடத்தில் இருக்கும். சனிக்கிழமை விடிந்தால் பலகை திரும்பிவிடும். பின்பக்கம் அதே தெருப் பழனாத்தாளின் ராஜ்ஜியம். இந்த வாரம் டிவியில் என்னென்ன தமிழ்ப் படம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அதில் எதற்காக வேலையை விட்டுவிட்டு உட்காரலாம் என்று கோணல்மாணலாக எழுதி வைத்திருப்பாள். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்று திரிகிற இளசுகளுக்காகச் சென்னம்மா அடியில் ஒரு வரி கன்னடத்தில் சேர்த்துவிடுவாள்.

பழனாத்தாளிடம் மூன்றே மூன்று மார்க்குதான். 'கட்டாயம் பாக்கோணும்.' 'பொழுது போகும்.' மூன்றாவது, 'அந்நேரத்துக்குத் துணி துவைக்கலாம்.' போன தீபாவளிக்கு ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு மூன்றாவது மார்க்கைப் போட்டுவிட்டாள். தெருப் பையன்கள் நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். "பாத்துப்போட்டு வந்து பேசுங்க சாமிகளா" என்று அனுப்பிவைத்தாள். சாயங்காலம் ஒருத்தன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அப்படி ஒரு கணிப்பு அவளுக்கு. கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்தில் ஆறாவதோடு நின்ற படிப்பு, கட்டிக்கொண்ட கரியப்பனோ ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிற ஆள். வீட்டில் அவள் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்போ தெரியாது, பலகையில் அவள் எழுதினால் தெருவே கட்டுப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுக் கனகலக்ஷ்மி மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாமியின் வீட்டுக்காரர் சீனிவாசன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தப்பாத மனிதர், வாய் திறக்காத மனிதர். அவர்களுக்கு ஒரே பெண், மஹதி. பெங்களூரில் பேங்கில் வேலை பார்த்தவள், கூட வேலை பார்த்த கன்னடப் பையனை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு சீனிவாசன் சத்தம்கூடப் போடவில்லை. "இந்த வீட்ல இனிமே அவ பேச்சு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். ரெண்டு வருஷமாக அந்தப் பேரே அந்த வீட்டில் எழவில்லை.

"ஏழு மாசம் ஆயிடுத்து பழனாத்தா" என்றாள் மாமி. "அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள். வளையல் அடுக்கணும். நம்மாத்துல அடுக்கணும்னு எனக்கு எத்தனை ஆசை தெரியுமோ? இவர்கிட்ட வாயைத் திறந்தா எழுந்து உள்ள போயிடறார்."

"நான் வேணா சார்கிட்டப் பேசிப் பாக்கட்டுங்களா?"

"உன்கிட்டயும் எழுந்து போயிடுவார். ஆனா ஒண்ணு. நான் சொல்றதைக் கேக்க மாட்டார், உன் பலகை சொல்றதைக் கேப்பார். 'கட்டாயம்'னு நீ எழுதிட்டா முக்காலி போட்டு உக்காந்துடுவார். படத்துல யாராவது அழுதா மூஞ்சியைத் திருப்பிண்டு கண்ணைத் துடைச்சுப்பார், நான் பாத்திருக்கேன். அந்த மாதிரி ஒரு படம் இந்த வாரம் இருக்கா, சொல்லேன்."

பழனாத்தாளுக்கு நெஞ்சு விம்மியது. இதுவரைக்கும் பொழுதுபோக்கத்தான் படம் கேட்டிருக்கிறார்கள். மனசைத் திருப்ப ஒரு படம் கேட்டு யாரும் வந்ததில்லை. வார இதழைப் பிரித்தாள், விரலை வைத்துத் தேடினாள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிப் படத்தில் விரல் நின்றது. 'அல்லிக்குளத்து மிராசு'.

"அட சாமி, இதாங் மாமி! உங்களுக்குன்னே போட்டிருக்கறான் பாருங்க. மிராசுதார் மகளொருத்தி, கம்பவுண்டரைக் கட்டிக்குவா. மிராசு கேட்டைச் சாத்திப்போடுவாரு. அப்பறம் குழந்தை பொறந்திருக்குன்னு மகள் காயிதம் போடுவா. மிராசு அதைப் படிச்சுப்போட்டு, கண்ணாடியைக் கழட்டுவாரு பாருங்க... எனக்கு இப்பவே சிலிர்க்குதுங். விடிஞ்சதும் விடியாததுமா வண்டியைக் கட்டிக்கிட்டு அவரே போயி மகளைக் கூட்டியாருவாரு. ஊரே வாசல்ல நின்னு ஆரத்தி எடுக்கும்."

மாமி அந்தக் கதையைக் கேட்டே அழுதுவிட்டாள். மறுநாள் பலகையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் 'கட்டாயம் பாக்கோணும்' விழுந்தது. அதன் கீழே, 'குடும்பத்தோட உக்காந்து, கடைசி வரைக்கும்' என்று வேறு சேர்த்தாள். அன்று சாயங்காலம் சீனிவாசனைத் தெருவில் பார்த்தபோது வண்டி கட்டிப் போகிற கதையையும் ஒரு தடவை காதில் போட்டு வைத்தாள். அவர் "ம்" என்றார். அந்த "ம்"மே பழனாத்தாளுக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எதிர்வீட்டில் டைட்டில் இசை கேட்டது. பழனாத்தாள் தன் வீட்டு டிவியைப் போடவில்லை. பார்த்த படம்தானே என்று நாலு மணிக்குப் பால் வாங்கப் போனாள். பூத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஏணி சாத்திக் கேபிள் சந்துரு வயரை இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். கொள்ளேகால்காரன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும். இறங்கி வந்தவன் பலகையைப் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"ஏனுங் அக்கா, மிராசு படத்துக்கா 'கட்டாயம்' போட்டிருக்கறீங்? எங்கம்மா அந்தப் படம் பாத்துப்போட்டு ரெண்டு நாள் சோறு திங்கலீங்."

"சந்தோசத்துல அழுதிருப்பாங்க."

"என்னத்த சந்தோசம்! அந்தப் புள்ள கைக்குழந்தையோட கேட்டாண்ட நின்னு அப்பா அப்பான்னு கதறுது. மிராசு நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறான். அப்படியே உக்காந்தபடி செத்தே போறான். ஆனா ஒண்ணுங், எங்கூருத் தியேட்டர்ல கேட்டைத் தொறக்கமாட்டேன்னு அவன் சொன்னப்ப விசிலு கூரையப் பிச்சுக்கிச்சு. ஆம்பளைன்னா ரோஷம் இப்படியல்ல இருக்கோணும்னு பெருசுகள்லாம் வெத்தலை போட்டுப் பேசினாங்க."

பழனாத்தாள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வண்டி? வண்டி கட்டிப் போவாரல்ல?"

"எந்த வண்டிங் அக்கா? படத்துலயே வண்டி கிடையாது."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெளிந்தது. அவள் இந்தப் படத்தைப் பார்த்தது கொள்ளேகாலில், பதினாலு வயசில். முதலாட்டம் ஆறரைக்குத் தொடங்கும். ராமாபுரம் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கடைசி பஸ் எட்டேகாலுக்கு. இடைவேளை விளக்கு எரிந்ததும் அவர்கள் ஊர் ஜனம் மொத்தமும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடும். எந்தப் படத்துக்குப் போனாலும் அப்படித்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவள் அப்பன் கேட்பார், "மீதி என்னாயிருக்கும் சொல்லு கண்ணு." அவள் சொல்லுவாள். பஸ்ஸே திரும்பி உட்கார்ந்து கேட்கும். ராமாபுரம் வருவதற்குள் பிரிந்தவர்கள் சேர்ந்து, கெட்டவன் ஜெயிலுக்குப் போய், வாசலில் ஆரத்தியும் எடுத்தாகிவிடும். இருபத்தஞ்சு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, தான் கண்ணால் பார்த்தது எது, பஸ்ஸில் கட்டியது எது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. அட பாவி, ஒரு பெண்ணின் வளைகாப்பையல்லவா அந்தக் கட்டுக்கதையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்!

"சந்துரு, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்த வயரைக் கொஞ்சம் பிடுங்கிவிடு."

"அக்கோவ்! ஞாயித்துக்கிழமை! இருநூறு வீடு! என்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

அவனிடம் பேசிப் பயனில்லை. பாலைச் சென்னம்மாவின் தலையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். சீனிவாசன் வீட்டுக்குள் நுழையும்போது திரையில் மிராசு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். 'இடைவேளை' என்று விழுந்தது.

"மாமி, வாங்க, சென்னம்மா கூப்பிடறா. சார், நீங்களும்..."

"உக்காரும்மா" என்றார் சீனிவாசன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ சொன்ன இடம் வந்துடுத்து. இப்ப வண்டி கட்டப்போறான்."

பழனாத்தாள் தரையில் உட்கார்ந்தாள். மாமி வேறு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

திரையில் மிராசு காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"காலைல போவான்" என்றார் சீனிவாசன்.

காலை விடிந்தது. மிராசு காபி குடித்தார். மகள் கேட்டுக்கு வந்து நின்றாள், தோளில் குழந்தை. மிராசு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப எழுந்திருப்பான் பாரு."

எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது, மழை பெய்தது. சினிமாவில் மழைக்குக் கேட்கவா வேண்டும். குழந்தை வீறிட்டது. சீனிவாசன் முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எழுந்திருடா" என்றார். பழனாத்தாள் திடுக்கிட்டாள். அந்த மனிதர் வாயிலிருந்து 'டா' வந்து அவள் கேட்டதே இல்லை. "குழந்தை நனையறது. எழுந்திரு. எழுந்திருக்க என்ன கேடு உனக்கு?"

மிராசு எழுந்திருக்கவில்லை. மகள் போய்விட்டாள். நாற்காலியில் மிராசின் தலை சாய்ந்தது. ஊரார் மாலை போட்டு, எப்பேர்ப்பட்ட ரோஷக்காரர் என்று கும்பிட்டார்கள். படம் முடிந்துவிட்டது.

சீனிவாசன் எழுந்து டிவியை நிறுத்தினார். மாமி பழனாத்தாளின் கையை விட்டுவிட்டாள். பழனாத்தாளுக்குத் தன் பலகையை உடைத்து அடுப்பில் வைக்கவேண்டும் போல இருந்தது.

"ஏம்மா" என்று அவள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "வண்டி கட்டிண்டு போவான்னு சொன்னியே? ஒரு மணி நேரமா இப்ப போவான், இப்ப போவான்னு உக்காந்திருக்கேன். எங்கே வண்டி?"

"அது நான் கட்டுன வண்டிங் சார்" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் பின்பாதி பாக்கவே இல்லீங். அப்ப எனக்குப் பதினாலு வயசுங். எங்களுக்குக் கடைசி பஸ்ஸு எட்டேகாலுக்கு. இடைவேளைல எந்திரிச்சு வந்துருவோம். மீதியை நானா பஸ்ஸுல சொல்லுவனுங். சொல்லிச் சொல்லி நெசம்னே நெனச்சுப்போட்டேன். என்னை மன்னிச்சுருங்க சார். மாமி, மன்னிச்சுருங்க."

சீனிவாசன் முக்காலியை ஓரமாகத் தள்ளினார். "பதினாலு வயசுல ஒரு குழந்தைக்குத் தோணினது, லட்ச லட்சமாக் கொட்டிப் படம் எடுத்தவனுக்குத் தோணலை பாத்தியா" என்றார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார், கழற்றித் திரும்பப் போட்டார். "கனகம், நம்பர் என்ன?"

"என்ன நம்பர்?"

"புதன்கிழமை புதன்கிழமை கறிவேப்பிலை வாங்கறேன்னு போய் எஸ்.டி.டி. பூத்துல நிக்கறியே, அந்த நம்பர். கொல்லையில மரமா நிக்கறது கறிவேப்பிலை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாக்கும்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. மூன்று பேருமாகத் தெருவில் நடந்தார்கள். நடந்தது சீனிவாசன், மற்ற ரெண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். எஸ்.டி.டி. பூத் பால் பூத்துக்கு அடுத்த கதவு. அவர் கண்ணாடி அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார். ரயில்வேயில் கத்திக் கத்தியே போன் பேசிப் பழகினவர், கதவைச் சாத்தினால் என்ன, சாத்தாவிட்டால் என்ன?

"ஏனாய்து பழனக்கா?" என்று, என்ன ஆயிற்று எனத் தெரியாத சென்னம்மா பால் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தாள். பழனாத்தாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஹலோ" என்று கேட்டது. "நான்தான்." அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பழனாத்தாள் மூச்சு விடவில்லை. மாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷம் பேசாத அப்பன் முதல் வார்த்தை என்ன பேசுவான்? அவருக்கும் தெரியவில்லை போலும்.

"மத்தியானம் டிவில ஒரு படம் போட்டானே, பாக்காதே" என்றார் கடைசியில். "முடிவு சரியில்லை."

அங்கே மகள் என்ன சொன்னாளோ.

"பாத்துட்டியா? முழுக்கவா? மாப்பிள்ளையும் பாத்தாரா?" குரல் தாழ்ந்துவிட்டது, ஆனாலும் கேட்டது. "அழாதே. இந்த நேரத்துல அழப்படாது. மடையன் அவன், விடு. இங்க பாரு, மஹதி... நான் எழுந்து வந்துட்டேன்மா."

மாமி கண்ணாடிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு விம்மினாள். பழனாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு பெங்களூருக்கே கேட்டிருக்கும். காலிப் பால் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். உள்ளே சீனிவாசன், வெள்ளிக்கிழமை எத்தனை மணி பஸ்ஸுக்கு வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.